கோல் கும்பஸில் நான் பேசிய ரகசியம்

மகா-ள-ஸ்ரீ மூத்த மச்சினர் வைத்யநாதன் அவர்களுக்கு,

மயிலாப்பூர் பஞ்சாபகேசன் அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம் என்று ஆரம்பிப்பதுதான் முறை; பொய் எழுதக் கை வரவில்லை. இதோ இருக்கிற அசோக் நகருக்குத் தபாலா என்று நினைக்க வேண்டாம். போனில் எனக்கு ஒரு எழவும் கேட்காது என்பது தாங்கள் அறிந்ததே.

தங்கள் தங்கை ஸ்ரீரஞ்சனி பதினோரு நாளாக என்னோடு பேசவில்லை. பாடவும் இல்லை. எல்லாம் அந்த டூரால் வந்த வினை. மாம்பலத்துக் கோஷ்டியோடு பஸ்ஸில் போனோம். சார்மினார் படியில் அவள் முழங்கால் போயிற்று. கோல்கொண்டா வாசலில் கைதட்டினால் மலையுச்சியில் கேட்குமாம். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. கடைசியாக பிஜப்பூர் கோல் கும்பஸ். அங்கே கும்மட்டத்துக்குள் ஒரு வட்டமான நடை. இந்தச் சுவரில் கிசுகிசுத்தால் எதிர்ச்சுவரில் கேட்கும், ஏழு தடவை எதிரொலிக்கும் என்று கைடு சொன்னானாம். அப்போது என் காது மிஷின் அணைந்திருந்தது. பஸ்ஸில் இவள் பாட ஆரம்பித்ததும் அணைத்தது, மறுபடி போட மறந்துவிட்டேன். கூட வந்த சாய்நாத் தோளைத் தட்டியதும் போட்டுக்கொண்டேன். "மாமி ஓயாம பாடிண்டே வராளே, ஆத்துல எப்படி ஓய் சமாளிக்கறீர்?" என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மிஷினை அணைச்சுட்டுத் தலையை மட்டும் ஆட்டுவேன் ஓய், ஒம்பது வருஷமா!" என்றேன். எதிரே அவள் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஏழு தடவையும் கேட்டாள். சுல்தான் தனக்குக் கட்டிய சமாதியில் எனக்கும் இடம் விட்டிருக்கிறான்.

அன்றுமுதல் பிராயச்சித்தமாக மிஷினை நான் அணைப்பதே இல்லை, தூங்கும்போதும் காதில்தான். என்ன பிரயோஜனம்? வீடே இழவு வீடு மாதிரி கிடக்கிறது. என்னைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிறாள். பாட்டுச் சொல்லிக்கொள்ளும் சிஷ்யைகள் வந்தால் அறைக்கதவைச் சாத்துகிறாள், ஒரு ஸ்வரம் வெளியே வருவதில்லை. குக்கர்கூட விசில் அடிப்பதில்லை. கீரைக்காரி கூவுவதில்லை. கபாலி கோயில் மணியும் நின்றுபோயிற்று. ஊரே அவள் பக்கம் சேர்ந்துகொண்டது.

அவள் பாட்டு எனக்குப் பிடிக்கும் என்று இந்த வயசில் புளுகமாட்டேன். ஆனா அது இல்லாம இந்த ஆத்துல இருக்க முடியலை, சார். நவராத்திரிக்குள் தாங்கள் வந்து நாலு வார்த்தை சொல்லிப் பாட வைக்கவேண்டும்.

மன்னிக்கு நமஸ்காரம். குழந்தைகள் நன்னா இருக்கட்டும். அவர்களாவது டூர் போகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
பஞ்சாபகேசன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது சிஷ்யை ஜானு என் மிஷினை வாங்கித் திறந்து காட்டினாள். உள்ளே பேட்டரியே இல்லை. தங்கள் தங்கையைக் கேட்டதற்கு, இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் அவளே எழுதியிருக்கிறாள், பாருங்கள்: "தினம் அணைக்கற சிரமம் உங்களுக்கு எதுக்கு? பிஜப்பூர்லயே, நீங்க குளிக்கப் போனப்போ பேட்டரியைக் கழட்டிட்டேன்." தாங்கள் பஞ்சாயத்துக்கு வரவேண்டாம், வந்தால் பொட்டு அளவில் விற்கும் அந்தப் பேட்டரி ஒன்று வாங்கி வாருங்கள். அவள் எதிரே உட்கார்ந்து பாடுகிறாள். வாய் அசைவது மட்டும் தெரிகிறது. தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.