வண்ணக்கோட்டார்

கடினமான எழுத்தைக் கண்டால் மாந்தர் இருவகைப்படுவர், வாசகரே: ஓடுவோர், பேனா எடுப்போர். ஓடுவோரால் உலகுக்குத் தீங்கில்லை.

நான் சொல்ல வந்தது மற்றவரை. வண்ணக்கோட்டார் என்று அவரை அழைப்போம். மேசையைத் துடைத்து, கைகழுவி, நான்கு பேனாக்களை நிரலே அடுக்கி, புரிந்ததற்கு நீலம், புரியாததற்குச் சிவப்பு, ஐயத்திற்கு ஊதா, பிறகு புரியப்போவதற்குப் பச்சை என வகுத்துக்கொண்டு, தலைப்பு முதல் அச்சகத்தின் முகவரி வரை அவர் கோடிட்டு முடிக்கையில் தாளில் வெள்ளை என்று ஏதும் எஞ்சாது. பொருளோ? பெரும்பாலும் பச்சையில் இருக்கும்.

அவருடைய மாமனாருக்குக் குடலிறக்க அறுவை. மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த நாள். சிரித்தால் வலிக்கும் என்பதால் மாமனார் மருமகன் வாசிக்கும் அறைப்பக்கமே வருவதில்லை. மருத்துவமனை கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பை, "எங்கிட்ட கொடு, இதையெல்லாம் மேலோட்டமா படிக்கக் கூடாது" என்று மனைவியிடமிருந்து வாங்கிய வண்ணக்கோட்டார், ஐந்து நாள் ஆழ்ந்து, அதன் சுருக்கத்தைப் பதினொரு பக்கங்களில் வரைந்தார்.

அறுவை நாள் காலை, மனைவி காபியோடு வந்து நின்றார்.

"ஏங்க, அப்பாவுக்கு இதைக் கொடுக்கலாமா?"

"அது ரெண்டாம் பக்கம். பச்சை."

"கொடுக்கலாமா, கூடாதா?"

"அப்படி ஒரு வரியைப் பிய்ச்சு எடுத்துக் கேக்கக் கூடாதும்மா. மொத்தமா பார்த்தா, நோயாளி தெம்பா இருக்கணும். அதுதான் சாரம்."

மாமனார் தெம்பாகக் குடித்தார்.

"காலையில ஏதாவது குடிச்சீங்களா ஐயா?" என்றார் மருத்துவமனைச் செவிலியர்.

"காபி. நல்லாத்தான் இருந்துச்சு."

"போச்சு. இன்னைக்கு ஆபரேஷன் கிடையாது. வெறும் வயித்தோட வரணும்னு எழுதித்தானே கொடுத்தோம்?"

"அப்படி ஒரு வரியே இல்லை" என்று வண்ணக்கோட்டார் தாளை நீட்டினார். "ஏழு தடவை படிச்சிருக்கேன்."

இரண்டாம் பக்கத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைச் செவிலியர் உரித்தார். அடியில் அவ்வரி கொட்டை எழுத்தில் கிடந்தது. சீட்டின்மேல், வாசிக்கத் தொடங்கிய முதல் நாளே வண்ணக்கோட்டார் தம் கையால் எழுதியிருந்தார்: 'மிக மிக முக்கியம். நிதானமாகச் சிந்திக்க.'

அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்து. மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாமா, வலிக்குதா?"

"சிரிப்பு வருது மாப்பிள்ளை, அதான் வலிக்குது. அடுத்த தாளு எம் பொண்ணுகிட்டயே இருக்கட்டும். அவ படிக்க மட்டும்தான் செய்வா."

தாங்கள் அவ்வினத்தவர் அல்லீர், அறிவேன். ஆயினும், கையிலுள்ள பென்சிலைச் சற்றே கீழே வைத்துவிட்டு, மேலே திரும்பிப் பாராமல் சொல்லுங்கள்: பச்சை எதற்கு?