நூம்பல் குடியேற்றச் சட்டத்தின் காரணங்கள்

உலகத்தின் பெரிய நாடுகள் நூறு வருஷம் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த ஆட்சிக்கலையை, எங்கள் நூம்பல் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் ஒரே மாலையில், இரண்டு தட்டு பஜ்ஜி தீர்வதற்குள் கண்டுபிடித்துவிட்டது. முதலில் தடை, பிறகு காரணம். வேண்டாதவர்கள் குடியேறாமலிருக்க ஒரு தேசம் வந்தவர்களுக்கு எழுத்துப் பரீட்சை வைத்ததாம். இன்னொன்று தலைக்கு வரி போட்டதாம். பாவம், வீண் சிரமம். எங்களுக்குக் காரணம் எழுத ஒரு செயலாளரே போதும். அது அடியேன்.

விஷயம் இதுதான். எங்கள் லிஃப்ட், மோட்டார் எல்லாவற்றையும் பழுது பார்க்கும் உஸ்மான் கனி, மூன்றாம் மாடி வீட்டை வாடகைக்குக் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருந்தார். பள்ளிக்கு அருகில் வீடு என்று திங்கட்கிழமைக்குள் காட்டினால்தான் மகள் மர்வாவுக்கு ஒன்றாம் வகுப்பில் இடம்.

தலைவர் சிவராமன் தொண்டையைச் செருமினார். அவர் இங்கே "பூர்வகுடி". திருச்சியிலிருந்து வந்து முழுசாக இரண்டு வருஷம் ஆகிறது. உஸ்மான் கனி பக்கத்துப் பூந்தமல்லியில் வெறும் ஐந்து தலைமுறை.

"தண்ணி பத்தாது பாய்."

பயபக்தியோடு எழுதினேன்: காரணம், தண்ணீர்.

"போர்ல நல்லா வருதே சார். நேத்து நான்தானே மோட்டார் ரெடி பண்ணிக் குட்தேன்!"

தண்ணீரைக் கோடு போட்டு அடித்தேன்.

"லிஃப்ட் தாங்காது."

"எட்டு பேர் தாங்கும். நாங்க மூணு பேரு. அந்த லிஃப்ட்டப் பத்தி என்கிட்டயே சொல்றீங்களே சார்!"

லிஃப்ட்டையும் அடித்தேன்.

"நம்ம கலாச்சாரம்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று பொங்கினார் பொருளாளர் சரசா. அது எந்தக் கலாச்சாரம் என்று யாருக்கும் தெரியவில்லை. எட்டு மாவட்டத்துக்காரர்கள், ஒருவரையொருவர் வாட்ஸ்அப்பில் மட்டும் அறிந்தவர்கள். ஆகவே ஏகமனதாக ஏற்றுக்கொண்டோம்.

"இன்னா சார், ஏதாவது ஒரு காரணத்துல நில்லுங்க. புள்ள யூனிஃபாரத்தப் போட்டுகினு ஊட்டச் சுத்திச் சுத்தி வருது," என்றார் உஸ்மான் கனி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"காரணம் பரிசீலனையில் உள்ளது" என்று எழுதி முத்திரை குத்தினேன்.

செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்கு விஷால் என்பவரின் குடும்பம் வாடகைக்கு வந்தது. ஆறு பேர், இரண்டு நாய்கள், ஒரு மீன் தொட்டி. தண்ணீர் தாராளமாகிவிட்டது. லிஃப்ட் பயில்வானாகிவிட்டது. மர்வாவின் இடம் வேறு குழந்தைக்குப் போய்விட்டது.

பரிசீலனையை முடித்துச் சரியான காரணத்தை எழுதச் சொல்லித் தலைவர் இன்னும் நச்சரிக்கிறார். நான் எழுத என்ன இருக்கிறது? உஸ்மான் கனியே அதை விண்ணப்பத்தின் முதல் வரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார், "பெயர்" என்று அச்சடித்த இடத்தில்.