கோபம் பத்தல

ராக் இசை எழுத்தாளர் என்றொரு இனம் உண்டு. அது பெரிய நகரங்களில்தான் வாழும் என்று நீங்கள் நினைத்திருந்தால் தப்பு. திருத்தங்கலில் ஒன்று இருக்கிறது. சித்திரை மாதத்து உச்சிப்பொழுதில், ஆடுகள்கூட வேலிக்கருவை நிழலுக்கு ஒதுங்கிவிட்ட நேரத்தில், மண்டையோடு போட்ட கறுப்புப் பனியனும் தோளில் புரளும் முடியுமாக ஒருவர் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு மொபெட்டில் போனால், சந்தேகம் வேண்டாம். அதுதான்.

பெயர் முனியராஜ். பகலில் காலண்டர் அச்சகத்தில் முருகனுக்கும் லட்சுமிக்கும் நிறம் சரிபார்க்கிற வேலை. மற்ற நேரமெல்லாம் ராக். இருபது வருடமாக, முதலில் சிறுபத்திரிகைகளிலும் பிறகு இணையத்திலும் எழுதிவருகிறார். லண்டன் கச்சேரியில் டிரம்ஸ்காரர் குச்சியை எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாற்றினார் என்பதுவரை எழுதுவார். லண்டன் இருக்கட்டும், மதுரைக்கு வடக்கே அவர் போனதில்லை. ராக் கச்சேரி ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. அது ஒரு குறையா? செவ்வாய் தோஷம் சொல்கிற ஜோசியர் செவ்வாய்க்குப் போய் வந்தா சொல்கிறார்?

இந்த இனத்திடம் எந்தக் குழுவின் பெயரையும் சொல்லிவிடாதீர்கள். "முத ஆல்பத்தோட அவங்க கதை முடிஞ்சுபோச்சு" என்று பதில் வரும். முதல் ஆல்பத்தையே சொன்னால், "அதுக்கு முந்தி கார் ஷெட்டுல வாசிச்சாங்க பாருங்க, அதான் ராக்" என்று வரும். முனியராஜிடம் இன்னொரு வாக்கியமும் உண்டு: "இதுல கோபம் பத்தல." ராக் என்றால் கோபம் என்பது அவர் கொள்கை. கல்யாண வீட்டுச் செண்டையில் கோபம் பத்தாது. இருக்கன்குடி ஆடித் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்று, கண்ணை மூடித் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, அதிலும் பத்தாது என்றார்.

ஒருநாள் டீக்கடை சிவபாண்டி வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

"டீ எப்படிண்ணே இருக்கு?"

"ம். கோபம் பத்தல."

"இஞ்சி தட்டிப் போடவாண்ணே?"

இப்படிப்பட்டவருக்கு வாழ்நாளில் ஒரு புத்தகமாவது வந்தாக வேண்டும் அல்லவா? முனியராஜ் அறுநூறு பக்கம் எழுதிச் சென்னைப் பதிப்பாளர் ஒருவருக்கு அனுப்பினார். அந்த மனிதர் முழுவதும் படித்திருக்கிறார், பாவம்.

"நல்லாருக்கு சார். ஆனா நீங்க நேர்ல பார்த்த கச்சேரி ஒண்ணுகூட இல்லையே. அப்படி ஒரு அத்தியாயம் எழுதிக் குடுங்க, போட்டுரலாம். இல்லாட்டி கஷ்டம்."

அன்றிலிருந்து முனியராஜுக்குச் சோறு இறங்கவில்லை. சாம்பாரில் கோபம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் எழுந்து போனார். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற அவர் மனைவி செல்வலட்சுமிக்கே பயமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் விருதுநகர் பக்கம் அவர் மகள் ஓவியா படிக்கிற பொறியியல் கல்லூரியில், ஆண்டு விழாவுக்குப் பெங்களூரிலிருந்து ராக் குழு வருகிறது என்று சேதி வந்தது. பெற்றோரும் வரலாமாம். முனியராஜ் பனியனை இஸ்திரி போட்டுக்கொண்டார். கல்லூரி மைதானத்தில் முன்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்து, அக்கம்பக்கத்து அம்மா அப்பாக்களுக்கு வகுப்பெடுத்தார்.

"சத்தம் வந்து நெஞ்சுல அடிக்கும். மிரளக் கூடாது. அப்படியே நம்மள ஒப்புக் குடுத்துரணும்."

"சரிங்க" என்றார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

விளக்கு அணைந்தது. கிடார் அலறியது. மேடையின் இரண்டு பக்கமும் குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பியது.

வேற்றூர்க்காரர் புகையைக் கண்டால் எங்கிருந்து வருகிறது என்று எட்டிப் பார்ப்பார். எங்கள் பக்கத்தில் காரணம் கேட்பது வெளியே போன பிறகுதான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, காற்றுக்கு எதிர்த் திசையில், வெட்டவெளிக்கு. கூச்சல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. பெற்றவர்கள் பட்டாசுக் கம்பெனியில் படித்த பாடம் பிள்ளைகளுக்குப் பாலோடு சேர்ந்து இறங்கியிருக்கிறது. நாலு மூச்சு விடுவதற்குள் மைதானம் காலி. கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்த கிடார்காரர் கண்ணைத் திறந்தபோது, பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தன.

வாசலை முதலில் தாண்டியவர், ஒப்புக்கொடுக்கச் சொன்னவர்தான். அவருடைய ஒரு செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. மனைவியும்.

"அப்பா, அது மிஷின் புகைப்பா. எஃபெக்ட்டுக்கு விடுறது" என்றாள் ஓவியா. அவளும் வெளியே நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொன்னாள்.

"அதை முன்னாடியே மைக்குல சொல்லணும்ல" என்றார் ஒரு தகப்பனார்.

செல்வலட்சுமி கடைசியாக வந்து சேர்ந்தாள். "என்னா ஓட்டம் ஓடுனீக. நம்மள ஒப்புக் குடுக்கணும்னு சொல்லிட்டு, என்னைய மட்டும் ஒப்புக் குடுத்துட்டு வந்துட்டீகளே."

திரும்ப உள்ளே போக ஒருவரும் தயாரில்லை. "இங்கனயிருந்தே நல்லாத்தான் கேக்குது" என்று, கச்சேரி முடியும்வரை எல்லோரும் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே ரோட்டில் நின்று கேட்டார்கள். முனியராஜும்தான், ஒற்றைச் செருப்போடு. நேரில் போயும் அவர் பார்த்தது சுவர். செல்வலட்சுமி பேசி முடித்தபாடில்லை.

மறுநாளே அத்தியாயம் எழுதிவிட்டார். அதில் ஒரு பொய் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

"முதல் பாட்டிலேயே அந்த மைதானத்தில் ஒருவராலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. என்னை மறந்தேன். அருகில் இருந்த மனைவியை மறந்தேன். ஒரு காலில் செருப்பில்லை என்பதையும் மறந்தேன். இருபது வருடமாக இசையில் நான் தேடிய கோபத்தை அன்றைக்குத்தான், என் காதுக்கு மிக அருகில், கடைசிப் பாட்டுவரை குறையாமல் கேட்டேன்."

பதிப்பாளர் போனில் தழுதழுத்தார். "நேர்ல பார்த்தவங்களாலதான் சார் இப்படி எழுத முடியும்."

புத்தகம் வந்துவிட்டது. செல்வலட்சுமி அந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்தாள்.

"காதுக்குப் பக்கத்துல கோபம்னு எழுதிருக்கீகளே, யாரையச் சொல்றீக?"

அன்றைய சாம்பாரில் கோபம் தாராளமாக இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். போன வாரம், தியேட்டர் பக்கமே போகாமல், "ரெண்டாம் பாதி இழுவை" என்று மூன்று பேரைத் தடுத்தது யார்? போகட்டும். இந்தக் கட்டுரையின் முதல் பத்தியையும் இந்தப் பத்தியையும் மட்டும் படித்துவிட்டு, "பரவால்ல, கோபம்தான் பத்தல" என்று யாரிடமோ சொல்லப் போகிறீர்களே, உங்கள் பனியன் அளவு என்ன? கறுப்பில் எல்லா அளவும் இங்கே கிடைக்கிறது.