ஜாமீன் மாமியும் என் ஒரு ஏக்கரும்

எழுபதுகளில் மலையாள நாட்டுத் தேயிலை மலையில், ஏலப்பாறை பஜாருக்குள் யானை வந்தபோது ஓடியவர்களைவிட, ஜாமீன் மாமி வந்தபோது ஓடியவர்கள்தான் அதிகம். யானை எல்லாரையும் சமமாகத் துரத்தும். மாமி, சொந்தப் பெயரில் நிலம் உள்ளவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் துரத்துவார்.

மாமி ஒரு வக்கீல். கல்பாத்திக்காரர். பாலக்காட்டில் அண்ணன் தம்பி எல்லாரும் வக்கீல்கள்; அவர்களோடு வாதாடி ஜெயிக்க முடியாமல் மலையேறினார் என்று ஒரு கட்சி. அவர்கள் எல்லாரையும் ஜெயித்துவிட்டு, இனி வாதாட ஆளில்லாமல் மலையேறினார் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. மாமிக்கு ஐம்பது வயது. புடவைக்கு மேல் கறுப்புக் கோட்டு, புடவைக்குக் கீழ் ரப்பர் பூட்ஸ். இடுப்பில் மூக்குப்பொடி டப்பா. பொடி மூக்குக்கு அல்ல, ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு. போலீஸ் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டே குனிந்து, கணுக்காலில் தொங்கும் அட்டையின் மேல் ஒரு சிட்டிகை தூவுவார். அட்டையும் சாட்சியும் சேர்ந்தே சுருண்டு விழும்.

தோட்டத் தொழிலாளி எவனையாவது போலீஸ் பிடித்தால் ஜாமீன் வாங்குவது பெரிய காரியமில்லை. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் பிடிப்பதுதான் காரியம். கையெழுத்துப் போடுகிறவன் தன் பெயரில் நிலவரி கட்டிய ரசீதைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். கரம் ரசீது என்பார்கள். தோட்டக் கம்பெனி கட்டிய லயத்து வரிசை வீட்டில் பிறந்து லயத்து வீட்டில் சாகிறவனுக்கு ஏது நிலம்? அவன் சொந்தக்காரனுக்கும் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கிடையாது. அதனால் ஜாமீன் கிடைத்த பிறகும் ஆசாமி உள்ளேயே கிடப்பான்.

“அது ஜட்ஜி போட்ட தண்டனை இல்லை. நிலம் வெச்சிண்டு சும்மா இருக்கறவா போட்ட தண்டனையாக்கும்” என்பார் மாமி.

ஆகவே, மற்றவர்கள் “சௌக்கியமா?” என்று கேட்கும் இடத்தில் மாமி “உன் பேர்ல கரம் ரசீது உண்டோ?” என்று கேட்பார். சலூனில் ஒருவரைப் பாதி முகம் மழித்த நிலையில் பிடித்திருக்கிறார். அவர் மீதி முகத்துச் சோப்பு நுரையோடு கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் ஏறியவுடன், “சொந்தப் பேர்ல நிலம் உள்ளவா எல்லாம் கையைத் தூக்குங்கோ” என்பார். முதல் தடவை பெருமையாகத் தூக்கிய மூன்று பேர் அன்று மத்தியானமே கோர்ட்டில் நின்றார்கள். அதன் பிறகு மாமி ஏறினால் பஸ் முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு வரும். பெண் வீட்டாருக்கு மட்டும் மாமியால் பெரிய உபகாரம். மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே நிலம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? மாமி வரும்போது மாப்பிள்ளை ஓடுகிறானா என்று பார்த்தால் போதும்.

நான் அப்போது தனியார் பஸ் கம்பெனியில் புக்கிங் கிளார்க். வயது இருபத்தாறு. கல்யாணமாகி நான்கு மாதம். புது மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்குமா? ஒரு நாள் கண்டக்டரிடம் அளந்துகொண்டிருந்தேன்: “எருத்தேன்பதியில நமக்கு ஒரு ஏக்கராத் தோட்டமுங்க. கிணறு, பதினெட்டுத் தென்னை, எல்லாம் என்ற பேர்லயே இருக்குது.”

டிக்கெட் வரிசையில் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. நான் சட்டென்று மேஜைக்கு அடியில் போய்விட்டேன். கவுண்ட்டர் ஓட்டை வழியாகக் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு கை உள்ளே வந்து, துழாவி, என் சட்டைக் காலரைக் கண்டுபிடித்தது.

“புக்கிங், நீ எருத்தேன்பதி, நான் கல்பாத்தி. ஒரே ஜில்லா. எழுந்திரு.”

“ரசீது ஊர்ல இருக்குதுங்க மாமி.”

“கல்யாணம் கழிஞ்சு வர்றச்சே பெட்டியில வெச்சு உங்கப்பா அனுப்பலையோ?”

அனுப்பியிருந்தார். அது மாமிக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விஷயம் இதுதான். செல்லையா என்று ஒருவன். அவன் தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம். இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு, “உங்கள் ஊருக்கே போங்கள்” என்று கப்பலேற்றி அனுப்பிவைத்த கூட்டத்தில் அவனும் வந்தவன். ஏலப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, முத்துமாரி என்ற பெண்ணைக் கட்டினான். அதோடு நின்றிருக்கலாம். ஒழுகுகிற லயத்துக் கூரையை மாற்றச் சொல்லி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டான். மறு வாரம், கையில் காகிதம் இல்லாத அன்னியன் என்று போலீஸ் பிடித்துப் போய்விட்டது. முத்துமாரிக்கு அப்போது நிறைமாதம்.

“திருடன்னு பிடிச்சா, திருடினான்னு போலீஸ் நிரூபிக்கணும். அன்னியன்னு பிடிச்சா, அன்னியன் இல்லைன்னு அவன்தான் நிரூபிக்கணும். உள்ளே உக்காந்துண்டு எந்தக் காகிதத்தைப் போய்த் தேடுவான்? காகிதம் இல்லைன்னா மறுபடியும் கப்பல். இவ இங்கே, அவன் அங்கே. மனசிலாச்சோ?” என்றார் மாமி.

மனசிலாயிற்று. கையெழுத்துப் போட்டேன். தாடியும் மீசையுமாகக் கூண்டில் நின்ற செல்லையா என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நான் பதிலுக்கு அவனைவிடப் பெரிதாகக் கும்பிட்டேன். ஓடிப்போய்விடாதே அப்பனே என்று அர்த்தம்.

வீட்டில் என் பெண்டாட்டி சரசு விசாரணையை ஆரம்பித்தாள். “ஏனுங்க, அந்தச் செல்லையா நமக்குச் சொந்தமுங்களா?”

“இல்ல.”

“பழக்கமுங்களா?”

“இல்ல.”

“எங்கப்பா அந்தத் தோட்டத்தப் பாத்துத்தானுங்க பொண்ணுக் குடுத்தாரு. உங்க மூஞ்சியப் பாத்தா குடுத்தாரு? தோட்டம் போச்சுன்னா நான் பொறந்த ஊட்டுக்குப் போறேன். நீங்க அந்த மாமி கூடவே இருந்துக்குங்க.”

சனிக்கிழமை தோறும் செல்லையா ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சனி ஒழுங்காகப் போட்டான். மூன்றாம் சனிக்கிழமை, ஏட்டு என் கவுண்ட்டருக்கு வந்தார். எங்கள் பக்கத்துக் கோர்ட்டு மலையாளத்தில் குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் பிரதி என்று பெயர்.

“பிரதி எவிடே?” என்றார் ஏட்டு.

“எந்தப் பிரதி?” என்றேன். என் குரல் சரசுவின் குரல் மாதிரி வந்தது.

“திங்களாழ்ச்ச கேஸ். வந்நில்லெங்கில் தன்றெ தோட்டம்…” என்று சொல்லிவிட்டு உள்ளங்கையை ஊதிக் காட்டினார். திங்கட்கிழமை கேஸுக்கு அவன் வராவிட்டால் என் தோட்டம் காற்றோடு போகும் என்று அர்த்தம்.

கவுண்ட்டரை மூடிவிட்டு லயத்துக்கு ஓடினேன். வழியில் இரண்டு தடவை விழுந்தேன். அட்டை கடித்தது கூடத் தெரியவில்லை. கடித்த அட்டைக்கே என் ரத்தத்தில் பயம் ஏறியிருக்கும். முத்துமாரி நிறைவயிற்றோடு வாசலில் உட்கார்ந்து விறகு முறித்துக்கொண்டிருந்தாள்.

“செல்லையா எங்கம்மா?”

“வந்துருவாகய்யா.”

“எங்க போனாரு?”

“வந்துருவாக.”

“எப்ப வருவாரு?”

“சொன்னா சொன்னபடி வந்துருவாகய்யா. நீங்க ஏன் இப்பிடி வேர்த்துப் போய் நிக்கிறீக? உக்காருங்க, தண்ணி தாரேன்.” பிறகு, ஏதோ உபகாரத்தை நினைத்துக்கொண்டவள் போலச் சிரித்தாள். “போன ஞாயித்துக்கெளம காலைல நீங்கதானய்யா சீட்டுக் குடுத்தீக, குமுளிக்கு. சன்னல் ஓரமாப் பாத்து உக்காருங்கன்னு வேற சொன்னீக. தங்கமான மனுசன்னு பஸ் ஏத்திவிட வந்த எங்கிட்டச் சொல்லிட்டுப் போனாக.”

தண்ணீர் எனக்குப் புரை ஏறியது. ஞாயிற்றுக்கிழமை, மூடுபனி, முதல் டிக்கெட். கவுண்ட்டர் ஓட்டையில் தெரிந்தது மழமழவென்று சவரம் செய்த ஒரு முகம், சுற்றி ஒரு துண்டு. முதல் டிக்கெட் வாங்குகிறவனிடம் முகம் கோணக் கூடாது என்று நான்தான் சிரித்து, நல்ல இடம் காட்டி அனுப்பிவைத்தேன். உலகத்திலேயே, ஜாமீன் கொடுத்த ஆளை மாநில எல்லைக்கு ஜன்னலோர சீட்டில் வழியனுப்பிவைத்த ஒரே ஜாமீன்காரன் நான்தான்.

மாமியிடம் போய் அழுதேன். மாமி அப்பளம் சுட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கே போனான்னு எனக்கும் தெரியாது. என்கிட்டக் கேட்டிருந்தா, கோர்ட்டு அனுமதி இல்லாமப் போகப்படாதுன்னு சொல்லியிருப்பேன். அதனாலதான் கேக்கலை போலிருக்கு. வருவான்.”

“வரலீன்னா?”

“பெண்டாட்டி முகத்தைப் பார்த்தயோல்லியோ? அவ பயப்பட்டாளோ?”

“இல்லீங்க.”

“பின்னே நீ என்னத்துக்குப் பயப்படறே? அவளைவிட அவனை உனக்கு நன்னாத் தெரியுமோ? அப்பளம் எடுத்துக்கோ.”

எடுத்துக்கொண்டேன். தின்ன மறந்து, அதைக் கையில் பிடித்தபடியே கவுண்ட்டர் வரை நடந்தேன்.

திங்கட்கிழமை கோர்ட்டு. முதல் பஸ்ஸில் செல்லையா வரவில்லை. இரண்டாவது பஸ்ஸிலும் வரவில்லை. முத்துமாரி மட்டும் நடக்க முடியாமல் நடந்து வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கோர்ட்டுச் சேவகன் கூப்பிட ஆரம்பித்தான். “செல்லையா!” ஒரு தடவை. வெளியே மழைச் சத்தம்தான். “செல்லையா!” இரண்டாவது தடவை. என் கண்ணுக்கு முன்னால் பதினெட்டுத் தென்னையும் ஒவ்வொன்றாக நடந்து போயின. பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரசு போனாள். “செல்லையா!” மூன்றாவது தடவை.

“ஆஜர்!” என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தியது நான். கத்தியதோடு நிற்காமல், கூண்டிலும் ஏறி நின்றிருந்தேன்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். “தானாணோ பிரதி? ஜனிச்சது எவிடே?”

“பொறந்தது எருத்தேன்பதி, சார்.”

“கண்டி என்று இங்கே எழுதியிருக்கிறதே?”

நான் திரும்பி மாமியைப் பார்த்தேன். மாமி மெதுவாக எழுந்தார்.

“மன்னிக்கணும் யுவர் ஆனர். இவன் ஜாமீன்காரன். பயந்து பேடிச்சுப் பிரதி ஆயிட்டான்.”

கோர்ட்டு சிரித்தது. ஏட்டு சிரித்தார். மாஜிஸ்திரேட்டும் ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சர்க்கார் வக்கீல் மட்டும் சிரிக்காமல், ஜாமீன் நிலத்தை ஜப்தி செய்ய உத்தரவு வேண்டும் என்றார். மாமி, குமுளி பஸ் ஒன்று பாக்கி இருக்கிறது, அதுவரை கேஸைத் தள்ளி வைக்க வேண்டும் என்றார்.

“அந்தப் பஸ் எத்தனை மணிக்கு வரும்?” என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

“இதோ, கம்பெனி கிளார்க்கே கூண்டில் நிக்கறான்” என்றார் மாமி.

“பதினொண்ணே முக்காலுங்க” என்றேன். கூண்டில் நின்றதால் பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆனா இதுவரைக்கும் அந்த நேரத்துக்கு வந்ததே இல்லீங்க.”

ஒரு மணி வரை அவகாசம் கிடைத்தது.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பஸ் வந்தது. அதுவரை கூண்டிலேயே நின்ற எனக்கு ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. கோழிக்கூடை இறங்கியது. வாழைத்தார் இறங்கியது. ஒரு கிழவர் இறங்கி, குடையை மறந்து, ஏறி, மறுபடி இறங்கினார். அந்தக் கிழவரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அவருக்குப் பின்னால் செல்லையா. எட்டு நாள் தாடி. அவனுக்குப் பின்னால் அவன் அண்ணன்.

கப்பலில் வந்தபோது குடும்பத்துக்கு ஒரே அடையாள அட்டைதான் கொடுத்தார்களாம், படத்தோடு. அது மூத்தவன் பெயரில், மூத்தவனிடம். அண்ணனைத் தேடிக் கோத்தகிரிக்குப் போனால், அண்ணன் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். தோட்டம் தோட்டமாக விசாரித்துக் கண்டுபிடிக்க ஆறு நாள். எல்லையில் தடுத்துவிடுவார்கள் என்று பயந்துதான் பெண்டாட்டியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

“ஐயா, சனிக்கிழமை தப்பிப்போச்சுங்க. ஒங்களுக்குத் தொந்தரவு ஒண்ணும் வரலையே?” என்று என்னிடம் கேட்டான் செல்லையா.

“சேச்சே” என்றேன், கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

மாஜிஸ்திரேட் அட்டையில் இருந்த படத்தையும் செல்லையாவையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் பின்வரிசையில் நின்றவனின் காதுகள் இரண்டும் விரித்துவைத்த பஸ் கதவு மாதிரி இருந்தன. எதிரில் நின்றவனுக்கும் அதே காதுகள். போன சனிக்கிழமைக்காக ஓர் எச்சரிக்கை. அடுத்த வாய்தாவில் கேஸ் தள்ளுபடி. அதற்குள் முத்துமாரிக்குப் பெண் குழந்தை பிறந்து, அதே காதோடு கோர்ட்டு வராந்தாவுக்கு வந்திருந்தது.

மாமி கோர்ட்டிலிருந்து என் ரசீதைத் திருப்பி வாங்கி, மடிப்பை நீவி, என் கையில் வைத்தார். “இந்தா. பத்திரமா ஆத்துக்குக் கொண்டுபோய் உன் பெண்டாட்டிகிட்டக் குடு.”

அதற்குப் பிறகு மாமி என்னிடம் ரசீது கேட்கவே இல்லை.

முதல் மாதம் எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. இரண்டாம் மாதம் லேசாக உறுத்தியது. என் கவுண்ட்டருக்கு முன்னால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரையும் கேட்பார். எனக்கு முன்னால் நிற்பவனைக் கேட்பார், பின்னால் நிற்கும் கண்டக்டரைக் கேட்பார். என்னிடம், “ஒண்ணு குடு” என்று டிக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டு போவார். பொறுக்க முடியாமல் சலூன்காரரிடம் விசாரித்தேன். அவர் மாமி சொன்னதை மாமி குரலிலேயே சொன்னார்: “பயமில்லாதவன் ஜாமீன் நிக்கறது ஒரு பெரிசில்லை. அந்தப் பிள்ளை பயந்துண்டே நின்னான். ஒரு தரம் போதும், பாவம்.”

அடுத்த வருஷம் புது ரசீது வந்ததும், கவுண்ட்டர் கண்ணாடிக்கு அடியில் எழுத்து வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். மாமி குனிந்து முழுசாகப் படித்தார். “கரமெல்லாம் முடங்காம அடைக்கறே. சமர்த்து” என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் சாக்கு தைத்துக்கொண்டிருந்தவனைக் கேட்டார்.

மாமி ஒரேயடியாக மலையிறங்கிப் பாலக்காட்டுக்குப் போன நாள்வரை, அந்த ரசீது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், மாமி.