‘வேண்டாம்’ என்றால் விட்டுவிடுகிற ஓட்டல்

பாசத்திலும் கோபத்திலும் எனக்குக் குறைவில்லாத என் ஒரே தங்கைக்கு, உன் அண்ணன் மலைமேலிருந்து, ஆடுகிற மேசையில் அட்டையைச் செருகி உட்கார்ந்து எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆகையால் நலம். வயிறு மட்டும் நலமில்லை, அதன் விவரம் கீழே வருகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் முழங்கால் வலியும் எப்படி? நான் கொடுத்த எண்ணெயைத் தேய்த்திருந்தால் வலி ஓடியிருக்கும். தேய்த்திருக்க மாட்டாய்.

நிற்க. (நீ உட்கார்ந்தே படி, கடிதத்தில் அப்படித்தான் போடுவது.)

போன் பண்ணும்போதெல்லாம் ‘அவ வராளா வரலையா, ஒரே வார்த்தையில சொல்லுண்ணே’ என்கிறாய். ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய சமாசாரமா இது? போனில் சொன்னால் நடுவில் குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உன்னால் பேச முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ என்ன சொல்லி அனுப்பினாய்? உன் மகள், என் மருமகள், நம்ம பாப்பா, படித்த படிப்பை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு எவனோ ஒருத்தன் ஓட்டலில் அடுப்படியில் நிற்கிறாள், அவள் பெரியப்பா ஆபீசில் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, நீ போய்க் கையோட கூட்டிட்டு வந்துருண்ணே, உன் பேச்சைத்தான் அவ கேப்பா என்று மூக்கைச் சிந்தினாய். சொந்தத்தில் இத்தனை பேர் இருக்க என்னைத் தேர்ந்தெடுத்தாயே, அந்த ஒரு விஷயத்தில் உன் புத்தி தெரிந்தது. மற்றவர்கள் எல்லாம் மாட்டேன் என்று சொன்னார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அது பொறாமை.

பஸ் மலை ஏறும்போது ஒரே பனிமூட்டம். டிரைவருக்கே வழி தெரியவில்லை. நான்தான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ‘லெஃப்டு, லெஃப்டு, இப்ப ஒடிங்க!’ என்று கத்திக் கத்தி அத்தனை உயிரையும் ஊர் கொண்டுவந்து சேர்த்தேன். இறங்கும்போது டிரைவர் என் சட்டையைப் பிடித்து ஏதோ சொன்னார். நன்றி என்றுதான் எடுத்துக்கொண்டேன், வார்த்தைகள் அப்படி இல்லாவிட்டாலும்.

ஊர் சின்னதுதான். சரிவில் தீப்பெட்டி அடுக்கின மாதிரி வீடுகள், ஒருத்தர் மொட்டைமாடிதான் இன்னொருத்தருக்கு வாசல். ஒரு மருந்துக்கடை, ஒரு குடை ரிப்பேர்க்காரர், சாயங்காலமானால் தூங்கிவிடுகிற கடைத்தெரு. ஆனால் மேல்தெருவுக்குப் போனால் வேற உலகம். வரிசையாகக் கண்ணாடிக் கதவு ஓட்டல்கள், உள்ளே கரண்ட் போனது மாதிரி மங்கலான வெளிச்சம், ஒரு ஓட்டலுக்காவது ஒழுங்காகப் பெயர்ப்பலகை கிடையாது. ஆட்டோக்காரர் சொன்னார், ‘இதெல்லாம் பைன் டைனிங்குங்க.’ நான் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘மரம் ஒண்ணையும் காணோமேப்பா?’ என்றேன். அவர், ‘இது அந்த பைன் மரம் இல்லீங்க, வேற ஃபைன்!’ என்றார். எனக்கா புரியாது? கொடியில் தொங்குகிற உலக அறிவையெல்லாம் பறித்துப் பையில் போட்டுக்கொண்டவன் நான். ஃபைன் என்றால் என்ன? சைக்கிளில் டபுள்ஸ் போனால் ஃபைன், லைப்ரரிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் ஃபைன். ஆக, தப்பாகச் சாப்பிட்டால் அபராதம் போடுகிற ஓட்டல்! பெரிய மனுஷங்க வருகிற இடமென்றால் கட்டுப்பாடு வேண்டும்தானே. அந்த நிமிஷமே முடிவு பண்ணினேன், உள்ளே போனதும் என் வாழ்நாளில் காட்டாத அடக்கத்தைக் காட்டிவிடுவது என்று.

முதலில் நுழைந்தது தப்பான ஓட்டல். வாசலில் நின்ற பெண், ‘ரிசர்வேஷன் இருக்கா சார்?’ என்று கேட்டாள். பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டி, ‘இல்லாமயா? ஜன்னலோரம்!’ என்றேன். அவள் டிக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நான் யாரைத் தேடி வந்திருக்கிறேன் என்று கேட்டாள். சொன்னதும் முகம் மலர்ந்து, ‘ஓ, அவங்க மாமாவா? எதிர் ஓட்டல் சார்’ என்று கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிக் கொண்டுவந்து விட்டாள். நம்ம பாப்பாவுக்கு அந்தத் தெருவில் அவ்வளவு பேர். மாமாவால் வந்த பேராகத்தான் இருக்கும்.

பாப்பா வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஓடி வந்தாள். இளைத்தெல்லாம் போகவில்லை, நீ கவலைப்படாதே, ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. ‘மாமா! இன்னிக்கா வரணும்?’ என்றாள். சந்தோஷத்தில் கேட்டது. விஷயம் என்னவென்றால், அங்கே பெரிய செஃப் வேலையை விட்டுப் போய்விட்டாராம். அடுப்படி முழுக்கப் பாப்பா பொறுப்பில் விடலாமா, வெளியே இருந்து ஆள் எடுக்கலாமா என்று முதலாளி யோசனையில் இருக்கிறாராம். அன்றைக்கு அவளே சமைத்து அவளே அனுப்புகிற சாப்பாட்டை அவர் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்துத் தீர்மானம் பண்ணுவாராம். ‘அவருக்குப் பிடிக்கலைன்னா பேசாம மூட்டையக் கட்டிக்கிட்டு உங்க கூடவே வந்துடறேன் மாமா, அம்மா சொன்ன நாற்காலியிலயே உக்காந்துக்கறேன். பிடிச்சிருந்தா என்னை யாரும் கூப்பிடக் கூடாது. சரியா? இப்ப தயவுசெஞ்சு இந்த மூலையில உக்காந்து, குடுக்கறதச் சாப்பிட்டு, ஒண்ணுமே பண்ணாம இருங்க.’ ஒண்ணுமே பண்ணாமல் இருக்கிறதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா, நீயே சொல்.

உட்கார்ந்தேன். கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர், நம்ம மாப்பிள்ளையின் பெரிய அதிகாரி மாதிரி இருப்பார், கையில் துணி போட்ட கூடையோடு வந்து சூடாக ஒரு பன் வைத்தார். ஒரே வாய்தான், உள்ளே போனதே தெரியவில்லை. ‘இன்னொண்ணு வைக்கட்டுமா சார்?’ என்றார். நான் அடக்கமாக, ‘ஐயய்யோ, போதுங்க’ என்றேன். தங்கச்சி, நம்ம வீட்டில் ஒருத்தர் போதுங்க என்றால் என்ன அர்த்தம்? இன்னும் ரெண்டு வை என்று அர்த்தம். நாம் கையைக் குறுக்கே நீட்டுவோம், அவங்க கையை விலக்கிவிட்டு வைப்பாங்க, நாம் சலித்துக்கொண்டே சாப்பிடுவோம், உலகம் அப்படித்தான் சுற்றுகிறது. இந்தக் கோட்டுக்காரர் ‘சரிங்க சார்’ என்று சொல்லிவிட்டுக் கூடையோடு போய்விட்டார்! நிஜமாகவே போய்விட்டார்! நீட்டின என் கை அந்தரத்தில் நின்றது. அடுத்து ஒரு கிண்ணத்தில் சூப் வந்தது, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற அளவு. ‘இன்னும் கொஞ்சம்?’ என்றார். இந்தத் தடவை மனுஷன் திருந்தியிருப்பார் என்று நினைத்து, ‘வேணாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்’ என்றேன். கிண்ணமும் போச்சு. ‘நான் மரியாதைக்குச் சொன்னேங்க!’ என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிப் பார்த்தேன். அவர் திரும்பி, ‘நன்றி சார்’ என்றார். இப்படியே ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றாகப் போனது. வாயைத் திறந்து ‘வை’ என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, ஃபைன் போட்டுவிட்டால் யார் கட்டுவது?

பசியில் கண் இருட்டிக்கொண்டு வரும்போது வண்டிச்சக்கரம் அளவுக்கு ஒரு தட்டு வந்தது. நடுவில் ஒற்றைக் காளான், அதன் தலையில் குபுகுபுவென்று சோப்பு நுரை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாத்திரம் கழுவுகிற ஆள் சரியாக அலசாமல் விட்டிருக்கிறான், பழி யார்மேல் விழும்? பாப்பாமேல்! இன்றைக்குப் பார்த்தா! சத்தம் போடாமல் துண்டை எடுத்து நுரையைச் சுத்தமாகத் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், ரெண்டு மேசை தள்ளி முதலாளி முன்னாலும் அதே நுரை! ஸ்பூனைக் கையில் எடுத்துவிட்டார்! நான் யோசிக்கவில்லை தங்கச்சி, யோசித்திருந்தால் குடும்ப மானம் போயிருக்கும். ஒரே பாய்ச்சலில் போய், ‘ஒரு நிமிஷம் சார், நான் பாத்துக்கறேன்’ என்று அவர் தட்டையும் பளிச்சென்று துடைத்துவிட்டேன். காளான் மட்டும் உருண்டு அவர் மடியில் விழுந்தது. அதையும் துடைத்தேன்.

அப்புறம்தான் சொன்னார்கள், அது சோப்பு இல்லையாம், மலையில் விளைகிற ஏதோ ஒரு தழையை வேகவைத்து, வடிகட்டி, கை ஓய்ந்துபோகும்வரை அடித்துப் பாப்பா எடுத்த நுரையாம். மூன்று வாரமாக அதற்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாளாம். சமையலில் நுரையைத் தள்ளிவிட்டுத்தானே நாம் குழம்பை எடுக்கிறோம், இவர்கள் குழம்பைத் தள்ளிவிட்டு நுரையை எடுத்தால் அது என் குற்றமா?

முதலாளி சைகை காட்டினார், பாப்பா வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவர் அவள் காதோரம் மெதுவாக ஏதோ கேட்டார். எனக்கு ‘...டலாமா?’ என்கிற வால் மட்டும்தான் கேட்டது. வால் கிடைத்தால் தலையைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாதா? கிச்சனை உன்கிட்டயே குடுத்துடலாமா! இவள் தலையைக் குனிந்துகொண்டு, ‘வேணாம் சார்’ என்றாள். அந்த ஆளும் அந்த ஓட்டல் புத்தியிலேயே, ‘சரி’ என்று திரும்பிவிட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்! சாயங்காலத்திலிருந்து பட்ட பட்டினியெல்லாம் திரண்டு தொண்டைக்கு வந்துவிட்டது. ‘யோவ், என்னய்யா மனுஷங்க நீங்க! ஒருத்தி வேணாம்னு சொன்னா வேணாம்னு அர்த்தமா? இன்னொரு தடவை கேக்கக் கூடாதா? வாய் வலிக்குதா?’ என்று மேசையைத் தட்டினேன். முதலாளி என்னைப் பார்த்து, ‘மறுபடியும் கேக்கணுமா?’ என்றார். ‘கூச்சப்படாம கேளுங்க சார்!’ கேட்டார். பாப்பா, ‘வேணாம் சார், பாவம், விட்டுடுங்க’ என்றாள். பார், எவ்வளவு நல்ல மனசு, முதலாளியைப் பாவம் என்கிறாள். நான் விடவில்லை. ‘இன்னொரு தடவை கேளுங்க! ஏ பாப்பா, யாருக்காகவும் பயப்படாத, மனசுல உள்ளதைச் சொல்லு, மாமா இருக்கேன்!’ என்றேன். அவள், நான் துடைத்த தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ‘சரி சார். செஞ்சிடுங்க’ என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, கூட்டிட்டுப் போக வந்த நானே அவளை அங்கே இருக்க வைத்துவிட்டேன் என்று. பரவாயில்லை, பெரிய மனசுக்காரன் செய்கிற தப்பு அது. அதற்கு ஓட்டல்காரர்கள் காட்டின மரியாதையைப் பார்க்க நீ இல்லையே! கோட்டுக்காரரும் இன்னொரு கோட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்து, என் கால் தரையில் படாமல் வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். மழை தூறியதென்று குடைகூடக் கொடுத்தார்கள். மாலை போட்டுக்கொண்ட மாப்பிள்ளைக்குக்கூட அந்த உபசாரம் நடக்காது.

இப்போது கிச்சன் பாப்பா கையில். புதுக் கோட்டு வந்திருக்கிறது, நெஞ்சில் அவள் பேரை நூலால் தைத்து. நேற்று அதை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். டீ ஆறிப்போயிற்று, எடுக்கவில்லை. அவள் எதையும் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை தங்கச்சி. அதனால் உடனே வா என்று வற்புறுத்தவில்லை, ஆனால் விட்டுவிடவும் இல்லை. நைசாகப் பேசிப் பேசிக் கரைத்துக்கொண்டு வருகிறேன், பாதி சம்மதித்துவிட்டாள். பெரியப்பாவிடம் சொல்லி அந்த நாற்காலியில் ஒரு துண்டைப் போட்டு வைக்கச் சொல். என் வார்த்தையை நம்பு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. அடுத்த வீட்டில் யாராவது கேட்டால் மகள் மலைமேல் மேனேஜராக இருக்கிறாள் என்று சொல், அண்ணன் வாங்கிக்கொடுத்த வேலை என்றும் சொல். நீயும் மாப்பிள்ளையும் வலி, வழக்கு, வட்டி எதுவும் அண்டாமல் நெடுங்காலம் வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள அண்ணன்

பின்குறிப்பு: உறையில் முகவரி எழுதச் சொல்லிப் பாப்பாவிடம் கொடுத்தேன். முகவரியை விட்டுவிட்டு உள்ளே இருந்ததைப் படித்துவிட்டாள். இப்போது பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள், அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அன்றைக்கு முதலாளி கேட்டது ‘குடுத்துடலாமா’ இல்லையாம், ‘இவரை வெளிய அனுப்பிடலாமா’வாம். அவள் இரண்டு தடவை வேண்டாம் என்று காப்பாற்றினாளாம், மூன்றாவது தடவை நானே கேட்டு வாங்கிக்கொண்டேனாம். கிச்சன் கிடைத்தது அன்றைக்கு இல்லையாம், மறுநாளாம். முதலாளி மறுபடி வந்து நுரையோடு சாப்பிட்டுப் பார்த்துக் கொடுத்தாராம். அந்த மறுநாள் வாசலில் காவலுக்கு ஆள் போட்டிருந்தார்களாம், யாருக்காக என்று நான் கேட்கவில்லை. பாதி சம்மதம் என்றெல்லாம் ஒன்றும் கிடையாதாம். அவள் சொல்வது, அப்படியே எழுதுகிறேன்: ‘அம்மா, நான் வரல. அந்த நாற்காலிய யாருக்காவது குடுத்துடச் சொல்லு. கோவம் இருந்தா கோவத்தோடவே கிளம்பி வா, என் கையால ஒரு வேளை சாப்பிடு, அப்புறம் திட்டு. வரும்போது மாமாவைக் கூட்டிட்டு வராத.’

கடைசி வரியை எழுத மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதினால்தான் ராத்திரிக்குச் சாப்பாடு என்கிறாள். எழுதிவிட்டேன்.