பதினோரு விநாடி டிஸ்க்

சிரஞ்சீவி பஞ்சுவுக்கு, மாட்டுங்காவிலிருந்து உன் அக்கா விசாலாக்ஷி ஆசீர்வதித்து எழுதுவது. நானும் என் முழங்காலும் சௌக்கியம். கோவையில் நீயும் ருக்குவும் சௌக்கியம் என்றே வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போனில் சொன்னால் ருக்கு ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், அதனால்தான் கடிதம்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். என் கம்ப்யூட்டர் எழுந்து வரப் பதினைந்து நிமிஷம் ஆகும். ஞாயிறு தவறாமல் நிகில் டொரான்டோவிலிருந்து கூப்பிட்டு, "ஆன் பண்ணும்மா, அப்டேட் போட்டுடலாம்" என்பான். போன மாதம் அவனே, "புது டிஸ்க் வாங்கிடு. இன்டர்ஃபேஸ் பாத்து வாங்கணும்" என்றான். "அப்படீன்னா?" "டிஸ்க்கும் போர்டும் சேர்ற வாய்ம்மா. ஒண்ணோட வாய் இன்னொண்ணுக்குச் சேராது." மாடி வீட்டு ஸ்ரீலேகா இன்ஜினியரிங் படிக்கிறவள், "என்விஎம்இ வாங்குங்கோ ஆன்ட்டி, அதான் ஃபாஸ்ட்" என்றாள். வாங்கினேன். சூயிங்கம் பட்டை மாதிரி இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே தூசியும் ஒரு கரப்பானும்தான், பட்டை உட்கார இடமே இல்லை. கடைக்காரர் ஜமாலிடம் பெட்டியோடு போனேன். தாராவிக்காரர், திருநெல்வேலிப் பேச்சு. "ஆன்ட்டி, இந்தப் போர்டுல அதுக்கு ஸ்லாட்டே கிடையாதுல்லா. சாட்டா எஸ்எஸ்டிதான் சேரும். ஸ்பீடு கொஞ்சம் கம்மி, சலேகா?" என்றார். பரவாயில்லை என்று நானும் "சலேகா" என்றேன்.

அவரே வீட்டுக்கு வந்து மாட்டினார். பட்டனை அமுக்கினேன், பதினோரு விநாடி! மூக்குக்கண்ணாடி போடுவதற்குள் வந்து நின்றது.

ஞாயிறு நிகில் கூப்பிட்டான். "ஆன் பண்ணினியா?" "வந்தே விட்டதுடா." "அதுக்குள்ளயா! சூப்பர்மா. இனிமே அப்டேட்டும் தானே போட்டுக்கும். அப்ப வெச்சுடறேன்." அப்போதுதான் பஞ்சு, எனக்கு உறைத்தது. அந்தப் பதினைந்து நிமிஷம் சும்மா காத்திருக்க முடியாமல்தான் அவன் பனி கொட்டுவதையும் மேனேஜர் கத்தியதையும் சாக்ஸ் கிழிந்ததையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை நாலு தடவை அணைத்து அணைத்துப் போட்டேன். நாலு தடவையும் பதினோரு விநாடி. சனியன், ஒரு தடவையாவது மக்கர் பண்ணக் கூடாதோ? பிறகு அன்று முழுக்க என்னோடு பேச ஆளே இல்லை. பால்காரன்கூடப் பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் ஜமாலிடம், "பழைய டிஸ்க்கையே மாட்டிக் கொடுங்கோ" என்றேன். "ஏன் ஆன்ட்டி, புதுசு மெதுவா ஓடுதா?" "இல்லை. அதான் கஷ்டம்." என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "புதன்கிழமை வாரேன்" என்றார். நிகிலிடம் மூச்சு விடாதே. கேட்டால், அக்கா கம்ப்யூட்டர் மறுபடி படுத்துவிட்டது என்று சொல்.

ருக்குவை ரொம்ப விசாரித்ததாகச் சொல். இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா விசாலம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது நிகில் போன். செவ்வாய்க்கிழமை! கம்ப்யூட்டர் பேச்சையே எடுக்கவில்லை. "அம்மா, மோர்க்குழம்பு திரிஞ்சு போச்சு, என்ன பண்றது?" என்றான். நாற்பது நிமிஷம் பேசினோம், குழம்பு தேறவில்லை. ஜமாலை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த தடவை ருக்கு மாமியைக் கேட்கப் போகிறானாம். அவளிடம் இப்போதே சொல்லி வை: அவளுக்கு மோர்க்குழம்பு வைக்கத் தெரியாது.