மெதுவா மாமா போட்ட சத்தம்

ஆவடி வட்டாரத்திலேயே மெதுவா மாமாவைப் போல மரியாதையாகப் பேசியவர் யாரும் கிடையாது. அவர் பேசியது காதில் விழுந்தவரும் யாரும் கிடையாது.

எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டுக்காரர். ஆபீசில் டைப்பிஸ்ட். யாரிடமானாலும் குரலை உயர்த்தினால் மரியாதை போய்விடும் என்பது அவர் கொள்கை. யார் வாயைத் திறந்தாலும் "மெதுவா, மெதுவா" என்று கையை அமர்த்துவார். பேர் அப்படித்தான் வந்தது. பஸ்ஸில், "கொஞ்சம் நிறுத்தறீங்களா சார்?" என்று கண்டக்டரிடம் பணிவாகக் கேட்டு, வழக்கமாக ரெண்டு ஸ்டாப் தள்ளித்தான் இறங்குவார்.

ஒருமுறை அவர் வீட்டுக்குள் சாரைப்பாம்பு புகுந்துவிட்டது. எங்கள் கதவை ஒரு விரலால் தட்டி, "தொந்தரவுக்கு மன்னிக்கணும். சாப்டுகிட்டு இருக்கீங்களா?" என்றார். அம்மா "ஆமாம்" என்றாள். "அப்ப சாப்டுங்க, அப்புறமா வரேன்" என்று போய்விட்டார். பாம்பை எப்படி உபசரித்து அனுப்பினாரோ, தெரியாது.

அப்பா நேர்மாறு. தொழிற்சாலையில் இரும்பை அடித்து வளைக்கும் செக்ஷன். அந்த இரைச்சலில் பேசிப் பேசி வீட்டிலும் அதே குரல்தான். அக்காவைப் பெண் பார்க்க வந்த முதல் கூட்டத்தை அவர் "உக்காருங்க!" என்று வரவேற்றதில், உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டான். இரண்டாவது கூட்டம், பெண்ணின் அப்பா சண்டைக்காரர் என்று சொல்லி அனுப்பிவிட்டது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று அக்கா அழுதாள்.

மூன்றாவதாகத் திருமுல்லைவாயிலிலிருந்து வருகிறார்கள் என்றதும் அம்மா மெதுவா மாமாவைக் கூப்பிட்டாள். பேச்சு முழுக்க மாமா. அப்பா சிரித்தால் போதும். வாயைத் திறக்க மாட்டேன் என்று அப்பா சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியமே நாலு வீட்டுக்குக் கேட்டது.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெரிய மீசைக்காரர். "பொண்ணு இன்னா படிச்சிருக்குது?" என்றார்.

மாமா கைகூப்பி, முன்னால் குனிந்து பதில் சொன்னார். உதடு அசைந்தது.

"இன்னா?"

மாமா இன்னும் மரியாதையாக, அதாவது இன்னும் மெதுவாகச் சொன்னார்.

மீசைக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "இன்னாடி இது, எத கேட்டாலும் இவரு மொணமொணங்கிறாரு? பொண்ணோட அப்பா வாயே தொறக்காம சிரிச்சிகினு கீறாரு. ஏதோ மறைக்கிறாங்க. எழுந்திரு, ஊட்டுக்குப் போலாம்."

கல்யாணப் பேச்சில் கிசுகிசுத்தால் வேறென்ன நினைப்பார்கள்? எல்லாரும் வாசலில் செருப்பு மாட்ட ஆரம்பித்தார்கள். உள்ளே காபித் தட்டோடு நின்ற அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அதை மெதுவா மாமா பார்த்துவிட்டார்.

"நில்லுங்க சம்பந்தி!"

எதிர் பிளாக்கில் ஜன்னல்கள் திறந்தன.

"பொண்ணு பி.காம்! நல்ல மார்க்! தங்கமான பொண்ணு! ஒரு குறையும் கிடையாது! காபி குடிச்சிட்டுப் போங்க!"

மீசைக்காரர் ஒற்றைச் செருப்போடு திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "இத மொதல்லயே இப்டி சொல்றதுக்கு இன்னா? காலமெல்லாம் பிரஸ் மிஷின் ஓட்டிகினு கீறேன், காது மந்தம்பா!"

அதற்குமேல் அப்பாவின் சத்தியம் தாங்கவில்லை. "எந்தக் கம்பெனியில?" என்று அவர் கேட்டது ரயில்வே ஸ்டேஷன் வரை போயிருக்கும். இருவரும் ஆனந்தமாகக் கத்திக்கொண்டார்கள். கல்யாணத் தேதியே பேசி முடித்த பிறகுதான் காபி ஆறிப்போனது தெரிந்தது.

மாமாவுக்குத் தொண்டை கட்டி ஒரு வாரம் பேச்சே வரவில்லை. ஆபீசில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம்.

சம்பந்தி வீட்டில் அன்றைக்கு அவருக்கு விழுந்த பெயர் 'சத்தக்காரர்'. அந்த அபிப்பிராயத்தை மாமா கடைசிவரை மாற்றவே இல்லை. அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் தெருமுனையிலேயே தொண்டையைச் செருமிக்கொள்வார். வாசலில் நின்று, "சம்பந்தி! சௌக்கியமா?" என்று கத்துவார். கைவேலையைப் போட்டுவிட்டு அக்கா ஓடிவருவாள். அவளைப் பார்த்ததும் குரல் பழையபடி இறங்கிவிடும். "நல்லா இருக்கியாம்மா?" என்பார்.

அதை அவள் ஒருநாளும் "என்ன மாமா?" என்று திருப்பிக் கேட்டதில்லை.